இடித்தவர் கட்டித் தர வேண்டாமா?

கோடை விடுமுறையில் அக்கா மகளைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத்தான் நம்புவாள். நினைவுக் கோட்டைக்குள் சுற்றிவிட்டு வெளியே வந்து, பழைய கோட்டையின் அடித்தளம் தரையோடு தரையாகக் கிடக்கும் இடத்தில் நின்றோம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதை இடித்தது கம்பெனிக்காரர்கள்தானே? பிறகு கட்டிக் கொடுத்தது யார்?"

"அவர்கள் யாரும் கட்டிக் கொடுக்கவில்லை அம்மா. நாம் பார்த்துவிட்டு வந்த கோட்டை 1974-ல் தமிழ்நாடு அரசு கட்டியது."

"அதாவது நம் பணத்தில் நாமே கட்டிக்கொண்டோம். இடித்தவர்கள் அல்லவா கட்டித் தந்திருக்க வேண்டும்?"

பஸ்ஸில் திருநெல்வேலி திரும்பும் வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழைந்து அதை நொறுக்கிவிட்டால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது? செய்தித்தாளில் ஈராக், காங்கோ, உக்ரைன் என்று படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் அடியில் ஓடுகிறது. அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்து வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பி வந்தார். தரைமட்டமாகக் கிடந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் ஊர் மக்கள் மறுபடி எழுப்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம் கம்பெனிப் படை அதையும் பிடித்தது. இந்த முறை அடித்தளம்வரை இடித்து, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். அருகிலேயே அந்தச் சண்டையில் இறந்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. தங்கள் இறந்தவர்களுக்குக் கல் நாட்டிவிட்டுப் போனவர்கள், ஊராருக்கு ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. அதைத் தவறு என்று சொல்லும் சட்டமும் அன்று உலகில் கிடையாது. வென்றவன் எடுத்துக்கொள்வான், தோற்றவன் கொடுப்பான், அதுதான் நடைமுறை.

அந்த நடைமுறை எவ்வளவு தலைகீழாகப் போகும் என்பதற்கு ஹைட்டி ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சுக்காரர்களின் அடிமைகளாகக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் சண்டையிட்டு 1804-ல் சுதந்திர நாடு அமைத்தார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, "எங்கள் தோட்ட முதலாளிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள், அப்போதுதான் உங்களை அங்கீகரிப்போம்" என்றது. பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். தங்களைச் சங்கிலியில் பூட்டியவர்களுக்கு அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடன் வாங்கிக் கட்டினார்கள். நஷ்டஈடு என்ற சொல்லைக் கையில் எடுத்தவர் யார் என்பதைப் பார்க்காமல் அந்தச் சொல்லை நம்பக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை விளக்க எனக்குச் சட்டப் புத்தகத்தைவிட எங்கள் பெரியப்பாவின் வாழைத்தோட்டம்தான் உதவுகிறது.

களக்காட்டுப் பக்கத்தில் அவருக்கு ஏத்தன் வாழை. ஓர் ஆண்டு, குலை தள்ளும் பருவத்தில், பக்கத்து வயல்காரரின் மாடுகள் இரவோடு இரவாக உடைமுள் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டன. விடிந்து போய்ப் பார்த்தால் வாழை சரிந்து, இலை கிழிந்து, வாய்க்கால் கரை மிதிபட்டு, தண்ணீர் கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்போது சிறுவன். மிதிபட்ட கன்றிலிருந்து வடிந்த சாறு என் சட்டையில் பட்ட கறை கடைசிவரை போகவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வந்தார்கள். முதலில் நஷ்டத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. "மாட்டை ஓட்டு. கரையை அடை. பொழுது சாய்வதற்குள் வேலியைக் கட்டு. இல்லாவிட்டால் இன்று ராத்திரி வேறு மாடு இறங்கும்" என்றார்கள். அதை மாட்டுக்காரரே செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் முள் வெட்டப் போனார்.

மறுநாள் கணக்கு. வரப்பு வரப்பாக நடந்து எண்ணினார்கள். குலை தள்ளிய வாழைக்கு ஒரு விலை, தள்ளப்போகும் வாழைக்கு ஒரு விலை, பிழைத்துவிடும் என்று தோன்றிய கன்றுக்கு ஒரு விலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி "இவ்வளவு கொடுத்துவிடு" என்று முடிக்கவில்லை.

அப்போதுதான் மாட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "அண்ணாச்சி, பணமாக எதற்கு? அழிந்த பாகத்தை இரண்டு வருஷம் என்னிடம் விடுங்கள். நானே திருத்தி, நல்ல கதலி வாழையாகப் போட்டுத் தருகிறேன்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "என் வயலில் ஏத்தனா கதலியா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தரவேண்டியதைத் தந்துவிட்டு உன் வயலைப் பார்."

படையெடுத்த நாட்டின் பொறுப்பு என்று உலகம் இன்று பேசுவதெல்லாம் இந்த இரண்டு நாள் பேச்சுக்குள் இருக்கிறது. உள்ளே நிற்கும்வரை வேலியும் கரையும் உன் பொறுப்பு. செய்த அழிவுக்குக் கணக்குப் பார்த்துத் தரவேண்டும். தருகிறாய் என்பதற்காக வயல் உன்னுடையது ஆகாது.

முதல் பாதிக்கு எழுத்தில் சட்டம் வந்தது 1899-லும் 1907-லும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் நாடுகள் கூடி எழுதிய போர் விதிகளில் 43-வது விதி இதைச் சொல்கிறது: பிறர் மண்ணைத் தன் பிடியில் வைத்திருக்கும் படை, அங்கே பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் மீட்டு நிலைநிறுத்த முடிந்ததெல்லாம் செய்ய வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் தவிர அந்த ஊர்ச் சட்டங்களை மதிக்க வேண்டும். கொள்ளை அடியோடு தடுக்கப்பட்டிருக்கிறது. 1949-ல் வந்த நான்காம் ஜெனீவா உடன்படிக்கை இன்னும் கீழே இறங்கி வந்து, மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது, மருத்துவமனைகள் நடக்கப் பார்ப்பது, குழந்தைகளுக்கான நிலையங்கள் இயங்க உதவுவது என்று ஒவ்வொன்றாகக் கடமையாக்கியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படை உள்ளே வந்தது நியாயமா, அநியாயமா என்ற வழக்கு முடியட்டும் என்று இந்தக் கடமைகள் காத்திருப்பதில்லை. ஊர் உன் கைக்குள் வந்துவிட்டதா? அந்த நிமிடமே கடமையும் வந்துவிட்டது.

2003 ஏப்ரலில் பாக்தாதில் நடந்ததை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அமெரிக்கப் படை நகருக்குள் வந்த சில நாட்களில் ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொருட்கள் போயின. மனிதன் முதன்முதலாக எழுதிப் பழகிய மண்ணின் முத்திரைகளும் களிமண் பலகைகளும் அவற்றில் அடக்கம். அதே நாட்களில் எண்ணெய் அமைச்சகத்தின் கட்டடத்துக்குப் படைக்காவல் இருந்தது. ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த தாழிகளைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரியாமல் இருக்காது. மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபை தன் 1483-வது தீர்மானத்தில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்றே குறிப்பிட்டு, அதற்குரிய கடமைகளை நினைவூட்டியது. அதே மாதம் அங்கிருந்த அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தையே கலைத்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வேலையற்றவர்கள் ஆனார்கள். வேலியை அடைக்க வேண்டியவர், இருந்த கொஞ்சம் வேலியையும் பிடுங்கிப் போட்டார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தப் போருக்கு முன்பு, அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவல் தம் அதிபரை எச்சரித்தது பலரும் எடுத்துச் சொல்வது. கடையில் ஒரு பாத்திரத்தை உடைத்தால் அது உன் தலையில் என்ற பொருளில் அவர் சொன்னார். எச்சரிக்கை நல்லது. ஆனால் அந்த உவமை எனக்கு உறுத்துகிறது. கடையில் உடைத்ததற்குக் காசு கொடுத்தால் உடைந்த பாத்திரம் நம்முடையது ஆகிவிடுகிறது. ஒரு நாடு அப்படி ஆகாது. அதில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். பெரியப்பாவின் பதில்தான் இதற்குச் சரியான பதில். ஈராக்கைச் சீரமைக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2003-ல் மட்டும் 1,800 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது உண்மை. ஆனால் எதைக் கட்டுவது, யாரை வைத்துக் கட்டுவது என்பதில் பெரும்பாலும் அமெரிக்க அதிகாரிகளின் விருப்பமே நடந்தது. பெரிய ஒப்பந்தங்கள் அமெரிக்க நிறுவனங்களுக்கே போயின. ஏத்தன் தோட்டத்தில் கதலி போட்ட கதை அது.

இரண்டாம் பாதி இழப்பீடு. 1907 ஹேக் உடன்படிக்கையிலேயே, விதிகளை மீறும் நாடு இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு என்பதற்கு நல்ல அளவுகோலைத் தந்தது 1928-ல் வந்த ஒரு தீர்ப்பு. வழக்கு போரைப் பற்றியது அன்று. ஜெர்மானியருக்குச் சொந்தமான ஓர் உரத் தொழிற்சாலையைப் போலந்து எடுத்துக்கொண்டதைப் பற்றியது. அன்றைய சர்வதேச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: தவறான செயலின் விளைவுகளை முடிந்தவரை துடைத்து, அது நடக்காதிருந்தால் என்ன நிலை இருந்திருக்குமோ அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எடுத்ததைத் திருப்பித் தர முடிந்தால் தரவேண்டும்; முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தரவேண்டும்; பணத்தால் ஆற முடியாததற்குத் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் (இந்தக் கடைசி, பிற்காலத்தில் எழுதிய விதிகளில் வருவது). இந்த மூன்றில் கடைசியைப் பலர் வெறும் சடங்கு என்பார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலர் முதலில் கேட்பதே அதைத்தான்.

நடைமுறையில் இது முழுதாக நடந்த இடம் குவைத். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. ஏழு மாதம் கழித்துப் பின்வாங்கும்போது 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. 1991-ல் பாதுகாப்பு சபை, இந்த அழிவுக்கெல்லாம் ஈராக்கே பொறுப்பு என்று அறிவித்து, ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. ஈராக் விற்கும் எண்ணெயில் ஒரு பங்கு அந்த ஆணையத்துக்குப் போய்ச் சேரும். 27 லட்சம் மனுக்கள் வந்தன. கேட்கப்பட்டது ஏறத்தாழ 35,000 கோடி டாலர். ஒப்புக்கொள்ளப்பட்டது 5,240 கோடி டாலர், கேட்டதில் ஏழில் ஒரு பங்கு. கடைசித் தவணை 2022 ஜனவரியில் கட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கணக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வரிசை. எண்ணெய் நிறுவனமும் அரசும் வரிசையின் பின்னால் நின்றன. குவைத்தை விட்டு ஓட நேர்ந்த சாதாரண ஆட்கள் முன்னால் நின்றார்கள். அப்படி ஓடியவருக்கு, பெரிய நிரூபணம் எதுவும் கேட்காமல், 2,500 டாலர். வேறு எந்தப் பிரிவிலும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000. அங்கே இருந்தார், ஓட நேர்ந்தது என்பது தெரிந்தால் போதும். மனுக்களை அவரவர் நாட்டு அரசு வாங்கி அனுப்பியது. அந்தப் போரின்போது குவைத்திலிருந்த ஒன்றேமுக்கால் லட்சம் இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டு வந்தது நினைவிருக்கலாம். கடையநல்லூர்ப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அவர்களில் ஒருவர். தையற்கடையில் வேலை பார்த்தவர். இரண்டு சட்டை, ஒரு பாஸ்போர்ட், கத்தரிக்கோல். இவ்வளவுதான் கொண்டு வந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குப் பணம் வந்தது. தொகையைவிட, அது வந்த விதத்தைத்தான் அவர் அடிக்கடி சொல்லுவார். "உதவி என்று எழுதி வரவில்லை. உனக்குச் சேரவேண்டியது என்று வந்தது."

அவர் சொன்ன அந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அது நிவாரணம். மழையைப் பெய்வித்தவர் யாரும் இல்லை. துயரத்தில் இருப்பவருக்கு அரசு கை கொடுக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் குளத்தின் கரையை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, வீடிழந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்து, அதைப் படம் எடுத்துப் போட்டால் அதை நிவாரணம் என்று ஏற்பீர்களா? படையெடுத்த நாடுகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். கடனைக் கொடையாக எழுதிக்கொள்கின்றன. கொடை என்றால் அளவையும் காலத்தையும் நிபந்தனையையும் கொடுப்பவர் தீர்மானிக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தியும் விடலாம். வியட்நாமில் அதுதான் நடந்தது. 1973 பாரிஸ் ஒப்பந்தத்தின் 21-வது பிரிவில், போரின் காயங்களை ஆற்றவும் மறுசீரமைப்புக்கும் அமெரிக்கா பங்களிக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று சொல்லி அந்தப் பணத்தைத் தராமலே விட்டார்கள். காடழிக்கத் தெளித்த நஞ்சு தங்கிய தா நாங் விமான நிலையத்தின் மண்ணை அமெரிக்கச் செலவில் சுத்தம் செய்து முடித்தது 2018-ல். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

ஏன் குவைத்துக்குக் கிடைத்தது, வியட்நாமுக்குக் கிடைக்கவில்லை? அக்கா மகள் கேட்டிருந்தால் சுற்றி வளைக்காமல் சொல்லியிருப்பேன்: ஈராக் தோற்றது, பாதுகாப்பு சபையில் அதற்கு வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், கிடையாது. வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் ஒன்று படையெடுத்தால், அதைக் கட்டாயப்படுத்தும் தீர்மானம் அந்தச் சபையில் நிறைவேறாது. 1986-ல் நிகராகுவா தொடர்ந்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்கா இழப்பீடு தரவேண்டும் என்று சொன்னது, பணம் வரவில்லை, 1991-ல் நிகராகுவாவே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உக்ரைனுக்கு ரஷ்யா செய்த அழிவைப் பதிவுசெய்ய 2023-ல் ஐரோப்பா கவுன்சில் என்ற நாடுகளின் அமைப்பு ஹேக் நகரில் ஒரு பதிவேட்டைத் தொடங்கியிருக்கிறது. தருவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் வரப்பு வரப்பாக நடந்து எண்ணி வைப்பது வீண்வேலை அன்று. எண்ணாமல் விட்ட வாழைக்கு எந்தப் பஞ்சாயத்தும் பிறகு விலை போடாது.

வீட்டோ இல்லாத நாடுகளுக்கிடையே சர்வதேச நீதிமன்றம் சற்று வலுவாகவே பேசியிருக்கிறது. காங்கோவின் கிழக்குப் பகுதியில் படையோடு நுழைந்த உகாண்டா, 32.5 கோடி டாலரை ஆண்டுக்கு 6.5 கோடியாக ஐந்து தவணைகளில் கட்ட வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பானது. காங்கோ கேட்டது 1,100 கோடிக்கும் மேல்.

ஒரு நியாயமான மறுப்பையும் சொல்லியாக வேண்டும். பணத்தைக் கட்டுவது யார்? சதாமின் படையெடுப்புக்கு ஈராக் மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ஆனால் பொருளாதாரத் தடையில் மருந்துக்குத் தவித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர்கள் நாட்டு எண்ணெயின் விலையில் 30 சதவீதம் இழப்பீட்டுக்குப் போனது. பிறகு அதை 25 ஆக்கி, 2003-க்குப் பின் 5 ஆக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிமீது சுமத்திய 13,200 கோடி தங்க மார்க் அந்த நாட்டில் எத்தகைய கசப்பை வளர்த்தது என்பதும் உலகம் அறிந்தது. என் கருத்தில், இது கடனைத் தள்ளுபடி செய்வதற்குக் காரணம் ஆகாது. தவணையை ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி போடுவதற்குத்தான் காரணம். பெரியப்பாவும் மாட்டுக்காரரிடம் ஒரே நாளில் வாங்கவில்லை. இரண்டு அறுப்புக்குப் பிரித்து வாங்கினார். ஆனால் எழுதி வாங்கினார்.

கேட்பதற்கு ஓர் அரசு இல்லாதவர்களின் கதி என்ன? இது நம்மவர்களைப் பற்றியது என்பதால் சொல்லாமல் விட மனமில்லை. 1942-லும் 1943-லும் ஜப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். 1951-ல் கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை, நேச நாடுகளின் போர்க்கைதிகளாக இருந்தவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கொஞ்சம் பணம் கிடைக்க வழி செய்தது. தோட்டத் தொழிலாளிகள் அந்தக் கணக்கில் வரவில்லை. மலாயா அப்போது பிரிட்டனின் கையில். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேராமல், 1952-ல் ஜப்பானோடு தனியே செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. நட்புக்காகச் செய்த பெருந்தன்மை என்று அதைப் புகழ்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு முன் இறந்தவர்களின் வீட்டாரை யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வந்துவிட்டது. அவள் இறங்கும்போது ஒன்று கேட்டாள். "அந்த மாட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் இருக்கிறதா மாமா?"

இருக்கிறது. பெரியப்பாவின் தகரப் பெட்டியில், பட்டாவுக்கும் வரி ரசீதுக்கும் நடுவே, நான்காக மடித்து வைத்திருக்கிறார். இரண்டு தவணையும் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. கீழே இரண்டு பேரின் கையெழுத்தும் இருக்கிறது.